காவிரி மேலே சேர்கிறது, கீழே பிரிகிறது: ஒன்பது வயதுக் குழந்தைக்கு எப்படி விளக்குவது?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். உங்கள் மகளுக்கு ஒன்பது வயது. குடகில் பிறக்கிறது, பூம்புகாரில் கடலில் கலக்கிறது, துணையாறுகள் இன்னின்ன என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுகிறாள். ஆனால் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "மேலே எல்லா ஆறும் வந்து சேருது, திருச்சிக்கு அப்புறம் மட்டும் ஏன் பிரிஞ்சு பிரிஞ்சு போகுது?" என்று கேட்டிருக்கிறாள். வீட்டில் செய்து காட்ட ஏதாவது உண்டா என்று நீங்கள் கேட்கிறீர்கள். காவிரியின் புவியியலைச் சொல்லித் தரவேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்தாலும், உண்மையான கேள்வி அவள் கேட்ட அந்த ஒரு வரிதான். அதற்கு நேரான பதில் உண்டு. மேலே ஆறு பள்ளத்தின் அடியில் ஓடுகிறது. கீழே, தானே கொண்டுவந்து கொட்டிய மேட்டின் முதுகில் ஓடுகிறது. பள்ளத்தில் ஓடும் ஆற்றை நோக்கி மற்ற நீரெல்லாம் வரும். மேட்டில் ஓடும் ஆற்றை விட்டு நீர் விலகிப் போகும். இதை நீங்கள் சொல்லிவிட்டால் மனப்பாடப் பட்டியலில் இன்னொரு வரி கூடும், அவ்வளவுதான். அவளே கண்டுகொள்ளும்படி செய்வது எப்படி என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் அவளிடம் ஒரு புதிர் போடுங்கள். தலைக்காவிரியிலிருந்து அரபிக்கடல் நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. காவிரியோ அந்தப் பக்கம் திரும்பாமல் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நடந்து வங்கக்கடலுக்கு வருகிறது. ஏன்? மேற்குத் தொடர்ச்சி மலையை, ஒரு பக்கம் குட்டையும் செங்குத்துமாக, மறுபக்கம் நீளமும் மெல்லிய சாய்வுமாக வேய்ந்த ஓட்டுக்கூரை என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முகட்டுக்கு மேற்கே விழும் மழைத்துளி சடசடவென்று கேரளக் கரைக்கு இறங்கிவிடும். முகட்டுக்குக் கிழக்கே ஒரு முழம் தள்ளி விழுந்த துளி தக்காணப் பீடபூமியின் சாய்வைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போயாக வேண்டும். காவிரி பிறக்கும் இடம் முகட்டுக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது. இதற்கு ஒரு நல்ல சான்று கேரளத்தில் கிடைக்கும். அங்கே 44 ஆறுகள் என்று கணக்கு. அவற்றில் 41 மேற்கே ஓடுகின்றன. கிழக்கே ஓடுபவை கபினி, பவானி, பாம்பாறு என மூன்றே. அந்த மூன்றின் நீரும் கடைசியில் காவிரிக்குத்தான் வந்து சேர்கிறது. கபினியும் பவானியும் நேரடியாகச் சேர்கின்றன, பாம்பாறு அமராவதி வழியாக வருகிறது.

அடுத்து, ஆற்றை மேலிருந்து பார்க்கும் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து பார்க்கும் படம் ஒன்றை அவளையே வரைய வையுங்கள். பள்ளிகளில் இதைப் பெரும்பாலும் செய்வதில்லை. என் கணிப்பில் பாதிக் குழப்பம் இதனால்தான். சார்ட் தாள்களை நீளவாக்கில் ஒட்டி 160 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை தயார் செய்யுங்கள். கிடைமட்டத்தில் 1 சென்டிமீட்டருக்கு 5 கிலோமீட்டர், உயரத்தில் 1 சென்டிமீட்டருக்கு 50 மீட்டர். காவிரி கர்நாடகத்துக்குள் 320 கிலோமீட்டர் ஓடுகிறது, இரு மாநில எல்லையாக 64 கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 416 கிலோமீட்டர். பட்டையில் இவை முறையே 64, 12.8, 83.2 சென்டிமீட்டர். இடது ஓரத்தில் 26 சென்டிமீட்டர் உயரத்தில் தலைக்காவிரி, அதாவது சுமார் 1,300 மீட்டர். கிருஷ்ணராஜ சாகர் அணை நிரம்பியிருக்கும்போது அதன் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 752 மீட்டர். பட்டையில் 15 சென்டிமீட்டர். மேட்டூர் நிரம்பியிருக்கும்போது சுமார் 240 மீட்டர். பட்டையில் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. திருச்சி சுமார் 80 மீட்டர். ஒன்றரை சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். வலது ஓரத்தில் கடல், பூஜ்யம்.

அணைகளும் ஊர்களும் பட்டையில் எத்தனையாவது சென்டிமீட்டரில் வரவேண்டும் என்பதற்கு நூல் போதும். அட்லஸில் ஆற்றின் வளைவுகளோடு ஈர நூலைப் படியவைத்து, தலைக்காவிரியிலிருந்து அந்த இடம்வரை எவ்வளவு, கடல்வரை மொத்தம் எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள். நூலின் நீளத்தை அட்லஸ் அளவைக்கு மாற்றினால் 800 கிலோமீட்டர் வராது, குறைவாகத்தான் வரும். சிறிய வரைபடத்தில் சின்னச் சின்ன வளைவுகளை வரைபவர் நேராக்கிவிடுவார் என்பதே காரணம். அதனால் கிலோமீட்டராக மாற்றாமல், முதல் அளவை மொத்த அளவால் வகுத்து 160ஆல் பெருக்கிவிடுங்கள். இன்னொன்றையும் மறக்காமல் சொல்லவேண்டும்: இந்தப் படத்தில் உயரத்தை நூறு மடங்கு பெரிதாக்கியிருக்கிறோம். கிடைமட்ட அளவையையே உயரத்துக்கும் வைத்திருந்தால் தலைக்காவிரி காகிதத்தின் அடியிலிருந்து மூன்று மில்லிமீட்டர்கூட உயராது. இதைச் சொல்லாமல் விட்டால் காவிரி முழுதும் மலைச்சரிவில் உருண்டு வருவதாகக் குழந்தை நினைத்துக்கொள்ளும்.

புள்ளிகளைக் கோட்டால் இணைத்தவுடன் அவளே கவனிக்கவேண்டிய விஷயம் கண்ணில் படும். கோடு சீராக இறங்காது. குடகிலிருந்து கிருஷ்ணராஜ சாகர் வரை ஏறத்தாழ 550 மீட்டர் இறக்கம். அதில் பெரும்பகுதி மலையைவிட்டு இறங்கும் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. பிறகு மைசூர்ப் பீடபூமியில் நிதானமாக வருகிறது. கிருஷ்ணராஜ சாகருக்கும் மேட்டூருக்கும் நடுவில் மறுபடி 500 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. சிவனசமுத்திரம் அருவிகள், மேகதாது இடுக்கு, ஒகேனக்கல் மூன்றும் இந்தத் துண்டில்தான் இருக்கின்றன. அருவிகள் எங்கெங்கோ தற்செயலாக அமைந்தவை போலப் பாடநூலில் தோன்றும். பட்டையில் பார்த்தால் பீடபூமியின் விளிம்பிலிருந்து ஆறு படியிறங்கும் இடங்கள் அவை என்பது தெரியும். மேட்டூருக்குக் கீழே கடல்வரை 350 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருந்தும் இறக்கம் 240 மீட்டர்தான். திருச்சிக்குக் கிழக்கே கிலோமீட்டருக்கு அரை மீட்டர் அளவுக்குத்தான் சரிவு.

இப்போது துணையாறுகள். பட்டியலாக மனப்பாடம் செய்ததை, மழையோடு சேர்த்து ஒருமுறை பார்க்கட்டும். ஆறு போகும் திசையைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் இடக்கரை, வலது கைப்பக்கம் வலக்கரை. ஹாரங்கி, ஹேமாவதி, சிம்சா, அர்க்காவதி இடக்கரையில் சேர்பவை. லட்சுமண தீர்த்தம், கபினி, சுவர்ணாவதி வலக்கரையில். தமிழ்நாட்டுக்குள் வந்தபின் பெரிய துணையாறுகளாகச் சொல்லத்தக்க பவானி, நொய்யல், அமராவதி மூன்றுமே வலக்கரைதான். இடக்கரையில் சரபங்கா, திருமணிமுத்தாறு போலச் சின்னவை மட்டுமே. ஏன் இந்த ஒருபக்கச் சாய்வு? வலக்கரைப் பக்கம் நீலகிரி, வெள்ளியங்கிரி, ஆனைமலை என்று மழைமேகத்தைத் தடுத்து வாங்கும் உயர்ந்த மலைகள் நிற்கின்றன. சேலம், நாமக்கல் பக்கத்து மலைகளுக்குக் கிடைக்கும் மழை அவ்வளவு இல்லை. எங்கே மலை உயர்ந்து மழை பெய்கிறதோ அங்கிருந்து பெரிய துணையாறு வரும் என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டால், பெயர்கள் மறந்தாலும் பக்கம் மறக்காது.

மழையைப் பற்றிப் பேசும்போது ஆடிப்பெருக்கையும் கேளுங்கள். ஆடி 18 ஆகஸ்ட் முதல் வாரத்தில் வரும். அப்போது தஞ்சாவூரிலோ திருச்சியிலோ பெரிய மழைக்காலம் கிடையாது. ஆனால் ஆற்றில் புதுவெள்ளம் வந்து படித்துறை நனைகிறது. வெயிலடிக்கும்போது ஆறு எப்படி நிரம்பும்? குடகிலும் வயநாட்டிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. நாம் காண்பது அந்த மழையை. டெல்டாவின் சொந்த மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில். ஒரே ஆற்றின் தலைக்கும் காலுக்கும் வேறு வேறு மாதங்களில் மழை என்பது காவிரியின் தனிக்குணம். 1934இல் மேட்டூர் அணை வந்ததும் இந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான்: மேலே பெய்யும்போது பிடித்து வைத்து, கீழே பயிருக்கு வேண்டும்போது விடுவது. வழக்கமான திறப்புநாள் ஜூன் 12. மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும், கடைமடைக்குப் போக இன்னும் சில நாள் பிடிக்கும். அந்தத் தாமதத்தைச் சொல்லுங்கள். ஆறு எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பது எந்தப் படத்தையும்விட இதில் நன்றாகப் புரியும்.

சரி, பிரிவது ஏன்? ஓடும் நீர் வேகமாக இருக்கும்வரை மணலையும் வண்டலையும் தூக்கிக்கொண்டு வரும். சரிவு குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் சுமை கீழே விழும். கனமான கூழாங்கல் முதலில், பிறகு பருமணல், பிறகு நொய்மணல், கடைசியில் களிமண். கரூருக்குக் கீழே மாயனூர், குளித்தலை, முசிறிப் பக்கம் ஆறு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் அகன்று, படுகை முழுக்க மணலாகக் கிடப்பதைப் பேருந்திலிருந்தே பார்க்கலாம். அகண்ட காவிரி என்பது அந்தப் பகுதியைத்தான். ஆறு இறக்கிவைத்த சுமை அது. படுகையில் மணல் சேரச்சேரத் தரை உயரும். வெள்ளம் கரைமீறும் ஒவ்வொரு முறையும் கரையோரத்திலேயே முதலில் மணல் விழுவதால் கரையும் உயரும். நாளாக ஆக, ஆறு சுற்றுப்புறத்து வயல்களைவிடச் சற்று உயரமான ஒரு மேட்டின் மேல் ஓடத் தொடங்குகிறது. அடுத்த பெருவெள்ளத்தில் கரை எங்காவது உடைந்தால், நீர் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கிப் புதுவழி போடும். புதுவழியும் கொஞ்ச காலத்தில் தன்னை உயர்த்திக்கொண்டு மறுபடி உடையும். பல ஆயிரம் ஆண்டுகளாக இப்படி மாறி மாறிக் கொட்டிய மண்தான் திருச்சிக்குக் கிழக்கே உள்ள டெல்டா. மேட்டின்மேல் ஓடும் ஆற்றுக்குள் வேறொரு ஓடை ஏறிவர முடியாது என்பதால்தான் அங்கே துணையாறு என்ற பேச்சே இல்லை. தஞ்சைப் பக்கம் வாய்க்காலைத் திறந்தவுடன் மோட்டார் இல்லாமலே வயலுக்குத் தண்ணீர் பாய்வதும் இதே காரணத்தால்தான். வயல் தாழ்வு, ஆறு உயரம்.

இந்த இடத்தில் முக்கொம்பும் கல்லணையும் கட்டாயம் வரவேண்டும். இரண்டையும் குழந்தைகள் மேட்டூர்போல நீரைத் தேக்கும் அணைகள் என்றே நினைக்கிறார்கள். பெரியவர்களிலும் பலர் அப்படித்தான். அவை தேக்குபவை அல்ல, திருப்பிவிடுபவை. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகிறது: வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்தில் ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடம் நேரான, சரிவு கூடிய வழி. விட்டுவிட்டால் நீர் அங்கேதான் போகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டே போக, காவிரியின் வாய் மணலால் தூர்ந்து தஞ்சைக்கு நீர் குறைந்தது. அதைத் தடுக்க 1836 முதல் 1838 வரை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். தீவின் கிழக்குக் கோடியில் இன்னொரு சிக்கல். அங்கே இரு கிளைகளும் மறுபடி நெருங்கி வருகின்றன. காவிரி பள்ளமான கொள்ளிடத்துக்குள் திரும்ப விழப் பார்க்கும். அப்படி விழாமல் தடுத்து நிற்பது கல்லணை. அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றுக்கும் நீர் பகிரப்படுகிறது. மிஞ்சும் வெள்ளம் கொள்ளிடத்துக்கு. பிறகு காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு என்று கிளைத்துக்கொண்டே போகும். அரசலாறு காரைக்காலில் கடலைத் தொடுகிறது, கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டைக் கழிமுகத்துக்குப் போகின்றன. காவிரி என்ற பெயரோடு பூம்புகார் வந்து சேர்வது ஒரு சின்ன ஆறுதான். வெள்ளம் கொள்ளிடத்துக்கும் மற்ற நீர் வயல்களுக்கும் போய்விட்டதே. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பூம்புகாரில் நின்று, "இதுவா காவிரி?" என்று அவள் ஏமாந்துபோவாள்.

செய்து காட்ட வேண்டியது இதுதான். சுமார் 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 8 ஆழமுள்ள பிளாஸ்டிக் ட்ரே. சல்லடையில் சலித்த ஆற்றுமணல் அல்லது எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) மூன்று பங்கு, சாதாரணத் தோட்டமண் ஒரு பங்கு, இரண்டையும் கலந்து, பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு ஈரமாக்குங்கள். ட்ரேயின் மேல் மூன்றில் இரண்டு பாகத்தில் 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, கீழ்ப்பக்கம் மெல்லச் சரித்து முடியுங்கள். மேல் முனையின் கீழே 3 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு கட்டை. கீழ் முனையில் 2 சென்டிமீட்டர் நீர் நிற்கட்டும், அதுதான் வங்கக்கடல். மட்டம் ஏறினால் குவளையால் எடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலின் மூடியில் ஊசியால் இரண்டு மூன்று துளையிட்டு, அடிப்பாகத்தில் காற்றுக்கு ஒரு துளை வைத்து, மேல் முனையில் கவிழ்த்துப் பிடியுங்கள். ஒரு லிட்டர் தீர ஐந்து நிமிடமாவது ஆகவேண்டும். நீர் விழும் இடத்தில் ஓர் ஓட்டுத்துண்டு வைக்காவிட்டால் அங்கேயே குழி பறித்துக்கொண்டு நிற்கும்.

மூன்று நான்கு பாட்டில் தீர்வதற்குள் மேலே ஒரு பள்ளமான வழி விழும். கடலோரத்தில் மணல் விசிறிபோல விரிந்து, அதன்மேல் நீர் இடமும் வலமுமாகத் தாவும். இப்போது மேலிருக்கும் வாய்க்காலின் குறுக்கே ஒரு ஸ்கேலைப் படுக்க வையுங்கள்: நடுவில் இடைவெளி, ஓரங்களில் தொடும். அதே ஸ்கேலை விசிறியின் குறுக்கே வையுங்கள்: நடுவில் முட்டும், இரு ஓரத்திலும் இடைவெளி. அவள் கேட்ட கேள்விக்கு இதுவே விடை. நீங்கள் எதுவும் பேசவேண்டாம். தொடக்கத்திலேயே மேல் முனையில் ஒரு கைப்பிடி செங்கல் பொடியைத் தூவி வைத்திருந்தால் பொடி எங்கே போனது, பருக்கை எங்கே நின்றது என்பதும் தெரியும். அடுத்த கட்டமாக, வழியின் குறுக்கே ஒரு தட்டையான கல்லை மணலில் பாதி புதைத்துவிட்டால், நீர் அதைத் தாண்டிக் குதித்து அடியில் குழி தோண்டும்; அது ஒகேனக்கல். கல்லை எடுத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகினால் அது மேட்டூர். அட்டைக்குப் பின்னால் மணல் தங்கிவிடும். விசிறிக்குப் புதுமணல் வராது. தண்ணீரைக் கையால் லேசாக அலைத்தால் விசிறியின் ஓரம் கரையத் தொடங்கும்.

சரியாக வராவிட்டால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். நீர் ஓடாமல் காணாமல் போனால் மணல் காய்ந்திருக்கிறது. முழு மணலும் சரிந்து வந்தால் நீர் அதிகம், அல்லது கட்டை உயரம். வெறும் களிமண்ணாக இருந்தால் ஒட்டிக்கொண்டு அசையாது, வெறும் நொய்மணலாக இருந்தால் வழி விழாமல் பரவலாக நனைந்து நிற்கும். விசிறி உருவாகவே இல்லையென்றால் கடல் ஆழமாக இருக்கிறது, ஒரு சென்டிமீட்டர் குறையுங்கள். ட்ரேக்கு ஒரு வரம்பும் உண்டு. வடிவத்தைத்தான் இது காட்டும். வேகத்தையும் காலத்தையும் காட்டாது. பத்து நிமிடத்தில் நடந்ததைக் காவிரி பல ஆயிரம் ஆண்டுகளில் செய்தது என்பதைச் சொல்லிவிடவேண்டும்.

செய்தியில் கேட்கும் எண்களையும் அவள் படிக்கப் பழகலாம். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர், ஏறத்தாழ இரண்டு குடம். "வினாடிக்கு 10,000 கன அடி திறப்பு" என்றால், கண்சிமிட்டும் நேரத்தில் இருபதாயிரம் குடம். டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் ஒரு டி.எம்.சி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; ஆவியாதலையும் அடியில் எடுக்கமுடியாமல் நிற்பதையும் கணக்கில் விட்டுவிட்டால் அந்த வீதத்தில் 93 நாள் தாங்கும். வழக்கமான பாசனக்காலமோ ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை 230 நாள். ஆக, அணை நிரம்பியிருந்தாலே போதாது, மேலிருந்து வரத்தும் வேண்டும். ஏமாந்துபோகக்கூடிய இடம் இன்னொன்று: மேட்டூரின் முழு உயரம் 120 அடி, அணை 60 அடியில் இருக்கிறது என்றால் பாதி நீர் இருப்பதாக அர்த்தமில்லை. கால் பங்கைச் சற்றே தாண்டியிருக்கும், அவ்வளவுதான். பள்ளத்தாக்கு அடியில் குறுகலாகவும் மேலே அகலமாகவும் இருப்பதால் இப்படி.

எது உறுதி, எது விவாதத்தில் இருப்பது என்பதையும் பிரித்துச் சொல்கிறேன். குழந்தை இரண்டு புத்தகத்தில் இரண்டு எண்ணைப் பார்த்து மிரளக்கூடாது. சரிவு, வண்டல், கிளைப்பு பற்றி மேலே சொன்னவற்றில் ஐயம் இல்லை. தலைக்காவிரியின் உயரம் சில நூல்களில் 1,276 மீட்டர், சிலவற்றில் 1,341 மீட்டர் என்று இருக்கும். அளக்கும் புள்ளி மலையில் எங்கே என்பதைப் பொறுத்து இது மாறக்கூடியது. 1,300 என்ற முழு எண் பள்ளிக்குப் போதும். ஆற்றின் நீளமும் 800, 802, 805 என்று மாறும். கல்லணையைக் கட்டியவன் கரிகாலன் என்பது உறுதியான மரபு. ஆனால் இரண்டாயிரம் ஆண்டு என்று சுற்றிச் சொல்லும் காலத்தைத் துல்லியமான ஆண்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்று நாம் காணும் மதகுகளும் ஷட்டர்களும் 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் சேர்ந்தவை. டெல்டாவின் கிளையாறுகளில் எவை தானாக விழுந்தவை, எவை சோழர் காலத்தில் வெட்டியவை அல்லது திருத்தியவை என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. வீரசோழன், விக்கிரமன் போன்ற பெயர்கள் மனிதக் கையைக் காட்டுவதுபோல் இருந்தாலும், பெயர் வைத்ததும் வெட்டியதும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. கல்லணைக் கால்வாய் மட்டும் மேட்டூர்த் திட்டத்தோடு 20ஆம் நூற்றாண்டில் வெட்டியது, இதில் சந்தேகம் கிடையாது. காவிரி ஒருகாலத்தில் ஒகேனக்கல் பக்கத்திலிருந்து வடகிழக்கே திரும்பி இன்றைய சென்னைப் பக்கம் கடலில் கலந்தது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சில புவியியலாளர்கள் சொல்கிறார்கள். சுவையான கருதுகோள். முடிந்த முடிவாகச் சொல்லித்தர மாட்டேன்.

நேரில் கூட்டிப்போக நினைத்தால் பூம்புகாரைவிட முக்கொம்பும் கல்லணையும் முதலில். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆகஸ்டில் போனால் ஓடும் நீரும் பகிர்வும் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலும் மணல்தான் கிடக்கும், ஆனால் படுகையின் வடிவத்தைப் பார்க்க அதுதான் நல்ல நேரம். கல்லணைப் பாலத்தில் நின்று கொள்ளிடத்தின் பக்கம் தரை எவ்வளவு இறங்கியிருக்கிறது, காவிரியின் பக்கம் எவ்வளவு என்று கேளுங்கள். நீர் இல்லாத படுகையிலும் கரையோடு நின்று பார்ப்பதே நல்லது: மணல் அள்ளிய குழிகள் ஆழமாக இருக்கும், மேலே ஷட்டர் திறந்தால் நீர் எச்சரிக்கையில்லாமல் ஏறும்.